ஜோடியா, ஒத்தையா

ஆறடி என்று தெருவே கூப்பிடும் மனிதருக்கு உயரம் ஐந்தடி சொச்சம்தான். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, வேலையைப் பார்த்து வைத்தது. பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதும், புல் அறுப்பதும், சிலுவைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அவர்தான். செத்தவர் வீட்டிலிருந்து யாராவது தேடி வந்தால் உட்காரச் சொல்ல மாட்டார், அழுதால் தேற்ற மாட்டார். கடப்பாரையைத் துடைத்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்பார்.

“ஜோடியா, ஒத்தையா?”

புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவருக்கும் சேர்த்து ஆழமாக வெட்டிவிடுவது அங்கே பழக்கம். முதலில் போனவரைக் கீழே வைத்து மண் போடுவார். அடுத்தவரின் நேரம் வந்ததும் அதே குழியைத் திறந்து மேலே வைப்பார். அது ஜோடி. இறங்கி ஏற ஏணி வேண்டும். ஒத்தை என்றால் ஏணி தேவையில்லை. பக்க மண்ணில் இரண்டு மூன்று படி வெட்டிக்கொண்டு அதில் கால் வைத்து ஏறிவிடுவார். முக்கால்வாசிப் பேர் ஜோடி என்றுதான் சொல்வார்கள். ஒரு முறை ஒரு கிழவி மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டு, “ஒத்தையே போடுப்பா, இத்தனை வருஷம் அவரு குறட்டையைக் கேட்டது போதும்” என்றாள். அவர் சிரிக்கவில்லை. சொன்னபடி வெட்டிக் கொடுத்தார். இருப்பவர் வாயிலிருந்து வரும் வார்த்தைதான் கணக்கு, அதற்கு மேல் பேச்சில்லை.

தோட்டத்தின் சுற்றுச்சுவரை ஒட்டியே இரண்டு அறைகள் கொண்ட அவர் வீடு. சமையலறையின் பின்சுவரும் கல்லறைத் தோட்டத்தின் சுவரும் ஒன்று. மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் குடித்துப் பாசி பிடிக்கும். மண்வெட்டிகள் ஆணியில் தொங்கும், சேறு காய்ந்த பூட்ஸ் வாசலில் கிடக்கும். வீட்டில் மூன்று பேர். அவர், அவருடைய அக்கா, மகள். அக்கா தோட்டத்து வாசலில் மெழுகுவத்தியும் பூவும் விற்கிறாள். கட்டிய இடத்தில் வாழாமல் வந்தவள். மகளை வளர்த்தது இந்த அத்தைதான்.

அம்மா இல்லை. சுவருக்கு உள்ளேயும் இல்லை.

மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா ஆற்றில் விழுந்து செத்தாள். தவறி விழவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சுவருக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான நிலம் உண்டு. சாமியார் மந்திரித்துப் புனிதமாக்காத மண். அந்தக் காலத்தில் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்களை அங்கேதான் வைப்பார்கள். சிலுவை கிடையாது. ஆறடி தன் பெண்டாட்டியை அங்கே வைத்தார். உள்ளே ஊரார் கல்லறைகளில் ஒரு புல் முளைக்க விடாத மனிதர், அந்தப் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அக்காதான் அவ்வப்போது போய் முள்ளை வெட்டிவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் யாரோ ஒரு வாயாடிப் பிள்ளை, “உங்கம்மா ஏன் வெளிய இருக்காங்க?” என்று கேட்டது. மகள் அதை உபதேசியாரிடம் கொண்டுபோனாள். “சாமி குடுத்த உயிரைத் தானே எடுத்துக்கிட்டா உள்ள எடம் கிடையாதும்மா, அது சட்டம்” என்றார் அவர். அன்றைக்கு மகளின் மனதில் விழுந்தது அப்படியே கிடந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும், நர்ஸ் படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கத்தோலிக்கக் கல்லூரியில் சமயவியல் படிக்கச் சேர்ந்தாள்.

தெருவுக்கு இது அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. எதிரில் சவப்பெட்டி செய்யும் ஆசாரிதான் அதிகம் மென்றார்.

“சாமியைப் பத்தி மூணு வருஷம் படிக்க என்னய்யா இருக்கு? இருக்காரு, இல்லே. ரெண்டுல ஒண்ணு. அரை நாள் போதாதா?”

“என்னைக் கேட்டா?” என்றார் ஆறடி.

“பொம்பளைப் புள்ளை, சாமியாராவும் ஆக முடியாது. கன்னியாஸ்திரி ஆகவும் மாட்டேங்கிறா. படிச்சு முடிச்சு என்னதான் பண்ணப் போறா?”

“தெரியல. தெரிஞ்சா சொல்றேன்.”

தெரியாமல் இல்லை. அவள் எதைத் தேடிப் போயிருக்கிறாள் என்று அந்த வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். அத்தை அதை நினைத்து அழுதாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. வெட்டிய குழியில் ஊற்று வந்தது. பெட்டி வரும் வரை வாளி வாளியாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பக்கச்சுவர் சரியாமல் இருக்கப் பலகை அடித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆறு வீங்கிக் கரையைத் தின்னத் தொடங்கியது. முதலில் நாணல் போனது, பிறகு ஒரு மரம் போனது. ஒரு காலையில் அத்தை முள் வெட்டும் கத்தியோடு போனவள் வெட்டாமலே திரும்பி வந்து கல்லூரி விடுதிக்குப் போன் செய்தாள்.

“பாப்பா, கரை கரைஞ்சுக்கிட்டே வருது. உங்கம்மா தலைமாட்டுக்குப் பக்கத்துல வந்துடுச்சு.”

“அப்பா பாத்தாரா?”

“சொன்னேன். ஆத்துக்கு நான் என்ன அணை கட்டவாங்கிறாரு.”

அன்று வகுப்பில் திருச்சபைச் சட்டப் பாடம். எடுத்த சிஸ்டருக்கு நல்ல ஜலதோஷம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மகள் மேசையருகே போய் நின்றாள். தற்கொலை செய்துகொண்டவர்களை உள்ளே புதைக்கச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்க முடியுமா, யாரிடம் எழுத வேண்டும் என்று கேட்டாள். ஊர், வீடு எதையும் சொல்லவில்லை.

சிஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “விலக்கு எதுக்கும்மா? அப்படி ஒரு சட்டமே இப்ப இல்லையே. நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க. மனசு சரியில்லாம செய்யறவங்களை நாம தள்ளி வைக்கக் கூடாதுன்னுதான். உள்ள வைக்கலாம், பூசை வைக்கலாம், எல்லாம் செய்யலாம்.”

“நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே?”

“ஆமாம்மா. ஏன், யாராவது…?”

அவள் வகுப்பை விட்டு வெளியே வந்தாள். அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது என்று பிறகு அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவைத் தடுத்து வைத்திருந்த கதவு கதவே இல்லையாம், யாருமே பூட்டவில்லையாம். இப்படி ஒரு நல்ல சேதியைச் சுமந்துகொண்டுதான் அவள் ஊருக்கு வந்தாள்.

இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனாள். பங்குக்குப் புதிதாக வந்த இளவயதுச் சாமியார். கேட்டவுடனே, “இதுக்கா இத்தனை நாளு? நகரசபை அனுமதிக்கு நான் பேசறேன். அப்பாகிட்ட எடம் பார்த்து வைக்கச் சொல்லும்மா” என்றார்.

ஆறடி அப்போதுதான் வேலை முடிந்து வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை உருளைக்கிழங்கு வேகவைத்து, உப்பும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, ரொட்டியோடு வைத்தாள். மகள் தட்டைத் தொடவில்லை.

“அப்பா, அம்மாவை உள்ள கொண்டு வரலாம்.”

அவர் ரொட்டியைப் பிய்த்தார்.

“சிஸ்டரைக் கேட்டேன். சட்டம் மாறி ரொம்ப வருஷமாச்சாம். இங்க சாமியாரும் சரின்னுட்டாரு. அனுமதி அவரே வாங்கித் தரேங்கிறாரு. உள்ள நல்ல எடமாப் பாருங்கப்பா, மேட்டுல.”

“சாப்பிடு.”

“அப்பா, நான் சொல்றது கேக்குதா?”

“கேக்குது. அவ அங்கியே இருக்கட்டும்.”

“ஆறு வந்துக்கிட்டிருக்குப்பா. இன்னும் ரெண்டு மழை பெஞ்சா எலும்புகூட கிடைக்காது.”

“போனது போனதுதான். தோண்டித் தொந்தரவு பண்ணக் கூடாது.”

“ஊரான் வீட்டு எலும்பையெல்லாம் எடுத்து மாத்தறீங்க. போன மாசம்கூட அந்த வாத்தியார் குடும்பத்துக்கு மாத்திக் குடுத்தீங்க.”

“அது வேற.”

“எப்படி வேற?”

அவர் பாதித் தட்டில் எழுந்து கை கழுவினார். அத்தை அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். மகள் அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டாள். பயப்படுகிறார்கள், பழைய ஆட்கள், படித்துச் சொன்னால் நம்ப மாட்டார்கள், சாமியாரே வந்து சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை பூசை முடிந்ததும் சாமியாரைக் குடையும் கையுமாகக் கூட்டி வந்துவிட்டாள். அவர் ஈர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆறடி உட்காரவில்லை, மண்வெட்டியின் வாயைத் தீட்டிக்கொண்டே நின்றார்.

“உங்க மனசு எனக்குப் புரியுது,” என்றார் சாமியார். “அந்தக் காலத்துல அப்படிச் சொல்லி வளத்துட்டாங்க. இப்ப திருச்சபை அப்படி இல்லை. தயங்காதீங்க.”

“தயக்கம் இல்லீங்க சாமி.”

“அப்புறம் என்ன?”

ஆறடி தீட்டிக்கொண்டே இருந்தார். மகள் அருகே போய் அவர் முழங்கையைத் தொட்டாள். அந்த வீட்டில் தொட்டுப் பேசுவது குறைவு.

“அப்பா, உங்க மேல தப்பே இல்லை. அன்னிக்கு உங்களுக்குத் தெரியாது. சட்டம் மாறினதை உங்களுக்கு யாரும் சொல்லலை. தெரிஞ்சிருந்தா நீங்க அம்மாவை வெளிய வெச்சிருப்பீங்களா? நான் உங்களை ஒரு நாளும் குத்தம் சொல்ல மாட்டேன்ப்பா.”

தீட்டும் சத்தம் நின்றது. செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கினால் மனிதன் எப்படியோ பொறுத்துக்கொள்வான். செய்த குற்றத்தை இல்லை என்று சொல்லி மன்னித்தால் பொறுக்க முடியாது போலிருக்கிறது.

“சொன்னாங்க,” என்றார்.

“என்ன?”

“அன்னிக்கே சொன்னாங்க. அப்ப இருந்த பெரிய சாமியார், மழையில நனைஞ்சுக்கிட்டே இந்த வாசல்ல வந்து நின்னாரு. இப்ப சட்டம் மாறிடுச்சுப்பா, உள்ள வையி, நானே வந்து மந்திரிக்கிறேன்னாரு. நான்தான் முடியாதுன்னேன்.”

சாமியார் எழுந்து நின்றார். மகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“ஏம்ப்பா?”

“கோவம்.”

“என்ன கோவம்?”

அவர் தரையைப் பார்த்தே சொன்னார். “நீ பொறந்ததுலேருந்தே அவ அவளா இல்லை. பேசமாட்டா, தூங்கமாட்டா. அன்னிக்குக் காலையில பூட்ஸ் மாட்டறேன், வந்து பக்கத்துல உட்கார்ந்தா. இன்னிக்கு ஒரு நாள் போகாதீங்க, வீட்ல இருங்கன்னா. பொணம் வருது, குழி வெட்டணும்னேன். செத்தவன் ஒரு நாள் காத்திருக்க மாட்டானான்னு கேட்டா. நான் சிரிச்சுட்டுப் போயிட்டேன். மத்தியானம் சாப்பிட வந்தா கதவு தொறந்து கெடக்கு. நீ தரையில உட்கார்ந்து துணி சோப்பைத் தின்னுக்கிட்டு இருக்க. வாயெல்லாம் நுரை.”

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“புள்ளையை இப்படிப் போட்டுட்டுப் போனவளுக்கு என் கையால உள்ள குழி கிடையாதுன்னேன். வெளிய வெட்டினேன். ஊரு சட்டம்னு நெனச்சுக்கிச்சு. நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“நான் கால்ல விழுந்தேன்,” என்றாள் அத்தை, யாரிடம் என்றில்லாமல். “கட்டிப் பிடிச்சு அழுதேன். கேக்கலை.”

“உங்களுக்கும் தெரியுமா அத்தை?”

“எப்படிச் சொல்லுவேன் பாப்பா? ஆத்தா இல்லாத புள்ளை நீ. இதையும் சொன்னா உனக்கு அப்பனும் இல்லாமப் போயிடுவானேன்னுதான்…”

மகள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தப் பாசி பிடித்த சுவரை.

“இத்தனை வருஷமா கோயிலைத் திட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா,” என்றாள். “சட்டம் போட்டவங்களைத் திட்டினேன். சாமியையே திட்டினேன். அவங்க எதுக்கு இப்படிச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தப் படிப்பே படிக்கப் போனேன். நீங்க பஸ் ஏத்தி விட்டீங்க. பெட்டியைத் தூக்கிக் குடுத்தீங்க.”

“ஆமா.”

“அப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

“ஆமா,” என்றார் மறுபடியும்.

அனுமதி வந்ததும் ஆறடி மறுப்பு சொல்லாமல் வேலையைத் தொடங்கினார். நடுவில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. கரை பிளந்து அம்மாவின் தலைமாட்டுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. ஆறடி உதவிக்கு யாரையும் சேர்க்கவில்லை. மேல்மண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, பிறகு மண்வெட்டி, பிறகு கை. பெட்டி மக்கிப் போயிருந்தது. எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்து அக்காவிடம் நீட்டினார். ஸ்வெட்டர் பொத்தான்கள் கிடைத்தன, பச்சை நிறம் அப்படியே இருந்தது. அதை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆசாரி சின்னப் பெட்டி செய்து கொண்டுவந்தார். எப்போதும் வாய் ஓயாத மனிதர், அன்றைக்குப் பெட்டியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் அடுக்கி மூடி வீட்டுக்குள் வைத்தார்கள். அத்தை பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். ஆறடி உள்ளே குழி வெட்டப் போனார். மேட்டு நிலம், மரத்தின் நிழல் விழும் இடம். அவர் தனக்கென்று என்றோ பார்த்து வைத்திருந்த இடம் அது என்று அத்தைக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து வெட்டிக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மதியம் சாமியார் வந்தார். மகள் பெட்டியை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு வர, அத்தை பின்னால் வந்தாள். பெட்டி கனக்கவில்லை, அதுதான் மகளுக்குத் தாங்கவில்லை. குழிக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டாள். குழியின் ஓரத்தில் ஏணியின் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தலை வெகு கீழே தெரிந்தது.

“ஏணி எதுக்குப்பா?”

“ஆழம் அப்படி.”

“ஜோடியா வெட்டியிருக்கீங்க.”

அவர் நிமிர்ந்தார். நெற்றியில் சேறு. “புருஷன் பெண்டாட்டிதானே நாங்க.”

“கேக்கலையே நீங்க.”

“யாரைக் கேக்கணும்? இருக்கிறவங்களைத்தான் கேக்கிறது. இருக்கிறவன் நான்.”

“நானும் இருக்கேன்.”

“பாப்பா, வேணாம்,” என்றாள் அத்தை. “இன்னிக்கு வேணாம்டி. வயசான மனுஷன்.”

“வர்றவங்க எல்லார்கிட்டேயும் கேக்கறீங்க இல்லப்பா. அழுதுக்கிட்டு வர்றவங்களையே கேக்கறீங்க. என்னையும் கேளுங்க.”

சாமியார் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டார். ஆறடி ஏணியில் ஏறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். மேலே வந்து கடப்பாரையை எடுத்தார். துடைத்தார். பழக்கம்.

“ஜோடியா,” என்றார். கடப்பாரையை மண்ணில் ஊன்றிக்கொண்டார். “ஜோடியா, ஒத்தையா?”

“ஒத்தை.”

அவள் மண்வெட்டியை எடுத்து, வெட்டிப் போட்டிருந்த மண்ணைக் குழிக்குள் தள்ளத் தொடங்கினாள். பழக்கமில்லாத கை, பாதி மண் ஓரத்திலேயே சிந்தியது. உள்ளங்கை உரிந்தது. நிறுத்தவில்லை. அப்பன்மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் போய்விடவில்லை, பிரியம் இருந்ததால்தான் கண் அப்படி வழிந்தது. ஆனால் ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொல்லிக் கேட்டவளுக்கு அன்று கிடைக்காத துணையை இப்போது மேலே கொண்டுபோய்ப் போட அவள் விடவில்லை.

ஆறடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏணியை உருவி எடுத்துப் புல்லில் கிடத்தினார். இன்னொரு மண்வெட்டியை எடுத்து எதிர்ப்பக்கம் போய் நின்று அவரும் மண்ணைத் தள்ளினார். தூறல் விழுந்தது. அத்தை பெட்டியின்மேல் குடையைப் பிடித்தாள்.

அளவு வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பக்க மண்ணில் இரண்டு படி வெட்டி உள்ளே இறங்கி, யாருக்கும் செய்கிற மாதிரியே, அடிமண்ணை மிதித்துச் சமன் செய்தார். ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். மேலே பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

“குடு.”

அவள் மண்டியிட்டுப் பெட்டியை அவர் கைகளில் வைத்தாள். அவர் அதை நடுவில், தலைமாடு பார்த்து, அசையாமல் வைத்தார். கொஞ்ச நேரம் அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி வர மகளை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் எழுந்து பின்னால் நகர்ந்தாள். பக்க மண்ணில் வெட்டியிருந்த படியில் கால் வைத்து, வழுக்கி, மறுபடி வைத்து, அவரே மேலே ஏறி வந்தார். சாமியார் புத்தகத்தைத் திறந்தார்.